புதுப்பிப்பு: செலவில்லாத விளையாட்டுச் சாமான்கள்

ரெண்டரை வயசுப் பொண்ணுக்கு வீட்டுலயே என்ன விளையாட்டுச் சாமான் செய்யலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனசார நன்றி.

அதிகம் ஓடுறது விளையாட்டு மாவுதான். மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணி 1 கப், எண்ணெய் 1 ஸ்பூன், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கட்டியில்லாமக் கரைச்சு, சின்னத் தீயில கைவிடாமக் கிளறணும். முதல்ல கஞ்சி மாதிரி இருக்கும். அப்புறம் சட்டுன்னு திரண்டு கரண்டியோட சுருண்டு வரும், அப்ப இறக்கிடுங்க. கை பொறுக்குற சூட்டுல நல்லாப் பிசைஞ்சா விரல்ல ஒட்டாது. தண்ணிக்குப் பதிலா பீட்ரூட் சாறு விட்டா அழகான ரோஸ் நிறம். மஞ்சள்தூளும் போடலாம், ஆனா துணியில கறை பிடிக்கும். உப்பு ரொம்ப அதிகம், அதனால வாயில வைக்காமப் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கணும்.

புளியங்கொட்டை எண்ணுற விளையாட்டு மட்டும் இப்ப வேண்டாம்னு வச்சுட்டேன்; இந்த வயசுல தொண்டையில சிக்கிடும். அதையே பாட்டில்ல போட்டு மூடியைப் பசை வச்சு ஒட்டிக் கிலுகிலுப்பை ஆக்கியாச்சு.

எங்கப்பா நுங்கு வண்டி கட்டிக் கொடுத்தார். ரெண்டு கூடு, நடுவுல ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு. தெருவே பின்னாடி ஓடுது!

தென்னை ஓலையில காத்தாடி மடிக்கத் தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுங்களேன்.