26 அடி ஒற்றை எஞ்சினா, 30 அடி ரெட்டை எஞ்சினா? குடும்பமாப் போய்ப் படுத்தெழும்ப பழைய போட் – உதவி

மார்க்கம்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா மனிசியோட மல்லுக்கட்டி ஒருமாதிரி ஓம் எண்டு சொல்ல வைச்சிட்டன், இந்த சமருக்கு ஒரு பழைய கபின் போட் வாங்கப் போறன். லேக் சிம்கோவில (ரொறொன்ரோவுக்கு வடக்க இருக்கிற ஏரி) ஒரு மரினாவில, அதான் போட் கட்டிற துறையில, கட்டி வைச்சிட்டு வெள்ளிக்கிழமை வேலை முடிய நேர போய் ஏறுறது, சனி ராத்திரி எங்கையாவது லொக்கடியில (கனாலில போட்டை ஏத்தி இறக்கிற தண்ணிக் கதவடியில) படுத்திட்டு ஞாயிறு பின்னேரம் வீட்டை வாறது, இதுதான் பிளான். நாங்கள் அஞ்சு பேர். நான், மனிசி, 12 வயசிலயும் 8 வயசிலயும் ரெண்டு பிள்ளையள், அம்மா (68 வயசு, முழங்கால் வருத்தம்). அனுபவம் எண்டு பாத்தா வாடகைக்கு எடுத்து ஒரு அஞ்சாறு தரம் ஓடினதுதான், போட் ஓட்டிற ஓப்பரேட்டர் கார்ட் இருக்கு.

ரெண்டு போட் பாத்தனான். ஒண்டு 2003, 26 அடி, 5.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின் ஒண்டு, பின்னால அவுட்ரைவ் (வெளியில தொங்கிற புரொப்பெல்லர் பகுதி), மீற்றர் 410 மணித்தியாலம் காட்டுது, 27,000 டொலர் கேக்கிறார். மற்றது 1989, 30 அடி, உள்ளுக்கை ரெண்டு எஞ்சின், ஷாஃப்ட் போட்டது (அடியால போற தண்டில புரொப்பெல்லர்), 19,500. பெரிசு மலிவு, சின்னன் விலை, எனக்கு மண்டை காயுது.

இன்னொண்டு. அந்த 26 அடிக்குள்ள இறங்கின உடன ஒரு ஊறல் மணம், மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி. வின்ரர் முழுக்க மூடிக் கிடந்தது, திறந்து விட்டா ரெண்டு நாளில போயிடும் எண்டார். நிலத்துக்குக் கார்ப்பெற் புத்தம் புதுசு.

குளிர்_தாங்கி

தம்பி ஆனை வாங்கிறது லேசு, தீனிதான் கஷ்டம். மரினா வாடகை, இன்சூரன்ஸ், இறக்க ஏத்த கிரேன் காசு, வின்ரருக்கு சுத்திக் கட்டுற பிளாஸ்டிக், எல்லாம் அடிக்கணக்கிலதான் வரும். 30 அடி எண்டா வருசா வருசம் 30 அடிக்குத்தான் பில். அவ்வளவுதான் சொல்லுவன்.

பழைய_ரெஞ்ச்

தம்பி முதல்ல மணத்துக்கு வாறன், ஏனெண்டா நீங்கள் கடைசியில எழுதினதுதான் முதல்ல எழுதவேண்டிய விசயம். பழைய போட்டில புதுக் கார்ப்பெற் கண்டா நான் முதல்ல அதைத்தான் தூக்கிப் பாப்பன். வின்ரரில மூடிக் கிடந்த போட் மணக்கும்தான், அது பூஞ்சண மணம், தூசி மணம். நனைஞ்ச சாக்கு மணம் வேற, அது எங்கையோ பலகை தண்ணி குடிச்ச மணம். அந்தக் காலத்துப் போட்டுகளில கனக்கவுக்கு ஃபைபர்கிளாஸ் வெளித்தோல்தான், அவுட்ரைவ் பொருத்தியிருக்கிற பின் சுவருக்குள்ளையும் எஞ்சினைத் தாங்கிற நீட்டுச் சட்டங்களுக்குள்ளையும் பிளைவூட் இருக்கும். பின்படி பூட்டின இஸ்குரூ ஓட்டையளால, அவுட்ரைவைச் சுத்தி, ட்ரிம் ராப் (போட்டைச் சமப்படுத்திற பின் தகடு) ஓட்டையளால, வருசக்கணக்கா சொட்டுச் சொட்டாப் போய் உள்ள ஊறும். வெளியில மினுங்கும், உள்ள புட்டு மாதிரி உதிரும்.

சின்னச் சுத்தியல், பிளாஸ்டிக் தலை உள்ளது, ஒண்டு கொண்டு போங்கோ. பின் சுவரை அங்குலம் அங்குலமாத் தட்டுங்கோ. நல்ல இடம் டக் டக் எண்டு கூராச் சத்தம் போடும், ஊறின இடம் பூசணிக்காயில தட்டின மாதிரி தொக் எண்டும். விக்கிறவர் விட்டா பின்படியில கீழ இருக்கிற இஸ்குரூ ஒண்டைக் கழட்டிப் பாருங்கோ. கறுத்த தண்ணி வடிஞ்சா அங்கையே சுத்தியலை பைக்குள்ள வைச்சிட்டு வீட்டை வாங்கோ, அந்த வேலை செய்ய எஞ்சினையே வெளிய இறக்கவேணும், பத்தாயிரம் தாண்டும்.

மணித்தியாலத்தை நம்பாதைங்கோ. 20 வருசத்துக்கு 410 எண்டா வருசம் 20 மணித்தியாலம், அது ஓடினதை விடக் கிடந்ததுதான் கூட. கிடந்து கெட்டுப்போற சாமான் ஓடிக் கெட்டதை விட மோசம். பியூவல் இஞ்செக்ஷன் எஞ்சின் எண்டா கொம்பியூட்டருக்குள்ள உண்மையான மணித்தியாலம் இருக்கும், ஸ்கான் ரூல் உள்ள மெக்கானிக் வாசிச்சுச் சொல்லுவான், டாஷில இருக்கிற மீற்றர் மாத்தலாம், அதை மாத்திறது அவ்வளவு லேசில்லை.

இஞ்சத்த குளிருக்கு இன்னொண்டு. ஏரித் தண்ணியாலையே நேராக் குளிராக்கிற எஞ்சின் எண்டா, ஒரு வின்ரர் தண்ணியை ஒழுங்கா வடிக்காம விட்டாலே புளொக் வெடிச்சிடும். ரோர்ச் எடுத்து ரெண்டு பக்கப் புளொக்கையும் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ற், இல்லாட்டி நீட்டுக்குத் துருக்கோடு, இல்லாட்டி எபொக்ஸி அப்பின அடையாளம் இருந்தா விடுங்கோ. ஒயில் பால்தேத்தண்ணி நிறமா இருந்தாலும் விடுங்கோ, அவுட்ரைவ் ஒயிலுக்கும் அதே கதைதான். அவுட்ரைவ் ரபர் பெல்லோஸ் (தண்ணி உள்ள வராமக் காக்கிற மடிப்புக் குழாய்) கடைசியா எப்ப மாத்தினது எண்டு பில்லோட கேளுங்கோ, அது கிழிஞ்சா தண்ணி நேர போட்டுக்குள்ளதான் வரும்.

லாக்45_அக்கா

நான் கோயம்புத்தூர், இப்ப பேரி பக்கம். நாங்க ஆறு சீசனா 27 அடி ஒண்ணு வெச்சிருக்கோம், மெக்கானிக் விஷயம் அண்ணன் சொல்லிட்டாரு, நான் படுக்கிற கதைய சொல்றேன், ஏன்னா அதை யாருமே யோசிக்கிறதில்ல.

விளம்பரத்துல ஆறு பேர் தூங்கலாம்னு போட்டிருக்கும். 26 அடில நிஜமா நாலு பேர், அதுல ரெண்டு பேர் குட்டிப் பசங்களா இருக்கணும். முன்னாடி முக்கோணமா ஒரு படுக்கை, நடுவுல சாப்பாட்டு மேஜைய இறக்கி மெத்தை போட்டா இன்னொண்ணு, அப்புறம் காக்பிட்டுக்கு (போட் ஓட்டுற இடம்) அடியில ஒரு குகை. அந்தக் குகைக்குள்ள தவழ்ந்துதான் போகணும், உக்காந்தா தலை இடிக்கும். பசங்களுக்கு அது சொர்க்கம். உங்க அம்மாவை அதுக்குள்ள அனுப்ப முடியுமா? முன் படுக்கை சில போட்ல இடுப்பு உயரத்துல இருக்கு, முழங்கால் வலியோட நடுராத்திரி அதுலேருந்து இறங்கி பாத்ரூம் போகணும். அம்மாவை கூட்டிட்டுப் போய் ஏறி இறங்கிப் படுக்கச் சொல்லிப் பாருங்க, அதுக்கப்புறம் எஞ்சினைப் பாருங்க.

டாய்லெட் கட்டாயம் ஹோல்டிங் டேங்க் (கழிவு சேர்ற தொட்டி) உள்ளதா பாருங்க. இங்க தண்ணில விடக்கூடாது, சட்டவிரோதம், மரினால பம்ப் அவுட் பண்ணணும். அஞ்சு பேருக்கு சின்ன டேங்க் ஒரு வீக்கெண்ட் தாங்குறதே பெரிசு. அந்தப் பழைய ஹோஸ் நாத்தம் ஊறிப் போயிருந்தா என்ன பண்ணாலும் போகாது, ஈரத்துணிய ஹோஸ் மேல தேய்ச்சு மோந்து பாருங்க (சிரிக்காதீங்க, இதுதான் டெஸ்ட்).

அப்புறம் ரைஸ் குக்கர். முதல் டிரிப்ல நான் எடுத்துட்டுப் போய் அசிங்கப்பட்டேன். 700 வாட் குக்கர் இன்வெர்ட்டர்ல போட்டா 12 வோல்ட் பேட்டரிலேருந்து 60 ஆம்பியருக்கு மேல இழுக்கும், சாதம் வேகுறதுக்குள்ள பேட்டரி படுத்துரும், காலைல எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. லாக் பக்கத்துல பல இடத்துல கரண்ட் ப்ளக்கே கிடையாது. இப்ப வீட்டுலயே புளிசாதம், எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போயிடுறோம். உள்ள மீன் மட்டும் பொரிச்சிடாதீங்க, தீபாவளி வரைக்கும் மணக்கும்.

ரெட்டைக்_குதிரை

எல்லாரும் 26 அடியைப் பிரிச்சு மேயுறியள், 30 அடியை ஆரும் பாக்கேல்லையே. ஷாஃப்ட் போட்டில அவுட்ரைவ் இல்லை, பெல்லோஸ் இல்லை, பின்னால பெரிய ஓட்டை இல்லை. ரெண்டு எஞ்சின் எண்டா ஒண்டு நிண்டாலும் மற்றதில ஊர்ந்து கரை சேரலாம். சிம்கோ கரையில இருந்து பாக்கத்தான் சாது, காத்துக் கிளம்பினா கிட்டக் கிட்ட நெருக்கி அலை அடிக்கும், 26 அடிக்குள்ள அம்மா நிண்டு பிடிக்க மாட்டா. பாரம் உள்ள போட்தான் குடும்பத்துக்கு நல்லம்.

பழைய_ரெஞ்ச்

குதிரை சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, அலையில 30 அடிதான் சுகம். ஆனா குதிரை, நீங்கள் ரெட்டை எஞ்சினில ஒண்டு பழுதானாலும் மற்றது ஓடும் எண்டு யோசிக்கிறியள், நான் ரெண்டுக்கும் 16 பிளக், ரெண்டு இம்பெல்லர், நாலு எக்ஸோஸ்ற் மெனிஃபோல்ட் எண்டு யோசிக்கிறன். வேகமா ஓடினா ரெண்டும் சேர்ந்து மணிக்கு 90, 100 லீற்றர் குடிக்கும். 26 அடி அதில பாதிக்குக் கொஞ்சம் மேல. சிம்கோவில இருந்து போற கனால் பக்கம் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர்தான், அந்த ஊர்ற ஓட்டத்தில ஒற்றை எஞ்சின் மணிக்கு 10 லீற்றரோட சமாளிக்கும். தம்பி, நீங்கள் எங்க ஓடப்போறியள் எண்டதுதான் கேள்வி.

இன்னொண்டு, 26 அடி அகலம் எட்டரை அடிக்குள்ள இருந்தா ட்ரெய்லரில பெர்மிற் இல்லாம இழுக்கலாம். ஆனா ட்ரெய்லரோட பாரம் 9,000 இறாத்தல் கிட்ட வரும், வீட்டு எஸ்.யூ.வி.யால இழுக்க வெளிக்கிடாதைங்கோ.

மார்க்கம்_அப்பா

பெரிய நன்றி எல்லாருக்கும். ஓடுற இடம் எண்டா முதல் வருசம் சிம்கோ, பக்கத்து ஏரி குச்சிசிங், முடிஞ்சா ஜோர்ஜியன் பே பக்கம். பீற்றர்பரோ லிஃப்ட் லொக்கிலயும் ஒருக்கா ஏறவேணும் எண்டு பெரியவன் நிக்கிறான், ஸ்கூலில படிச்சவனாம், 1904இல திறந்தது, ரெண்டு தொட்டி, மேல் தொட்டிக்கு ஒரு அடி தண்ணி கூட விட்டா அந்தப் பாரத்தில அது இறங்க மற்றது 65 அடி ஏறுமாம்.

லாக்45_அக்கா

அது ஒரு வீக்கெண்ட்ல ஆகாது, சிம்கோலேருந்து கிட்டத்தட்ட இருபது லாக் இருக்கு, ஒரு வாரம் லீவு போட்டுப் போங்க. நீள வீக்கெண்டுக்கு மேற்குப் பக்கம் போங்க, நாலே நாலு ஸ்டேஷன். லாக் 42, அப்புறம் ஸ்விஃப்ட் ரேப்பிட்ஸ், அப்புறம் பிக் ஷூட்ல போட்டை அப்படியே ரயில் வண்டில தூக்கி மேட்டைத் தாண்டி இறக்குவாங்க. லாம்ப்ரேன்னு ஒரு ரத்தம் உறிஞ்சுற மீன் மேல வந்துடக்கூடாதுன்னுதான் அங்க லாக் கட்டாம விட்டாங்க. கடைசில 45, போர்ட் செவர்ன். அங்கேருந்து போசலேய் தீவு பக்கம்தான், நேஷனல் பார்க், போட்லதான் போக முடியும், ராத்திரி கட்டிக்கலாம். நாங்க ரெண்டு நாள்ல போய் ஒரு நாள் தங்கி ரெண்டு நாள்ல வருவோம், அதோட ரெண்டு நாள் சேத்து எடுத்துக்கங்க. லாக்ல ராத்திரி தங்க பார்க்ஸ் கனடா பெர்மிட் வாங்கணும்.

ஒரு முக்கியமான விஷயம், கார்பன் மோனாக்ஸைடு (எஞ்சின் புகையில வர்ற விஷ வாயு) அலாரம். தூங்கும்போது ஜெனரேட்டர் ஓட விடாதீங்க, எஞ்சின் ஓடும்போது பசங்களை பின்படில உக்கார விடாதீங்க. அந்த வாயுவுக்கு மணமே கிடையாது.

மார்க்கம்_அப்பா

ரெண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். சுத்தியல் கொண்டு போனன். விக்கிறவர் முதல் சிரிச்சார், தம்பி இது போட், தேங்காய் இல்லை எண்டார். அவுட்ரைவுக்கு வலப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு தொக் தொக் எண்டுது. இஸ்குரூ கழட்ட விடேல்லை. சரி எண்டு கார்ப்பெற் மூலையைத் தூக்கினன், அடியில பலகை கறுப்பு, விரலால அமத்த ஈரம் பிசுக்கெண்டு வந்துது. மனிசி பக்கத்தில நிண்டு பாத்தவ, ஒண்டும் கதைக்கேல்லை, காரில போய் இருந்திட்டா.

30 அடிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன். உள்ள நல்லா இறங்கினா, படுத்தும் பாத்தா. ஆனா மரினாக்காரர் அகலம் பாத்திட்டு வருச வாடகை சொன்ன உடன நானே பின்வாங்கிட்டன். குளிர்_தாங்கி அண்ணை சொன்ன தீனி உதுதான்.

இப்ப மூண்டாவது ஒண்டு. 2001, 27 அடி, ஒற்றை 5.7, 690 மணித்தியாலம், கொம்பியூட்டரிலயும் அதேதான். ஒரே ஆள் 14 வருசம் வைச்சிருந்தவர், ஒரு கொப்பியில எல்லா பில்லும் ஒட்டி வைச்சிருக்கிறார், பெல்லோஸ் மாத்தின திகதி வரைக்கும். சேர்வேயர் (போட் சோதிக்கிறவர்) ஒராளைப் பிடிச்சன், கிரேன் காசோட 900 வந்துது, ஈரம் பாக்கிற மெஷினை பின் சுவர் முழுக்க ஓட்டினார், முன் ஹட்ச்சை (மேல்தட்டுக் கதவு) சுத்தி மட்டும் கொஞ்சம் ஈரம் எண்டார். ஏரியில ஓடிப் பாத்தது, முழு த்ரொட்டிலில நிமிசத்துக்கு 4,650 சுத்து, புத்தகத்தில 4,400 இலிருந்து 4,800 எண்டு இருக்கு. எக்ஸோஸ்ற் ரைசர் (புகை போற குழாய்) ரெண்டும் பழசு, மாத்தவேணுமாம், அதுக்கு 1,800 கழிச்சு 25,200க்குச் சம்மதிச்சிட்டார். கடன் ஏதும் போட்டில இருக்கோ எண்டு பேரையும் பின்னால வலப்பக்கம் அடிச்சிருக்கிற நம்பரையும் வைச்சுத் தேடியும் பாத்தாச்சு, இல்லை.

படுக்கிறதுக்கு, அம்மாவுக்கு நடு மேஜைப் படுக்கை, டாய்லெட் கதவு கை எட்டுற தூரம். பிள்ளையள் குகை. நானும் மனிசியும் முன்னுக்கு.

வேற ஏதும் வாங்கவேணுமோ?

பழைய_ரெஞ்ச்

இந்தக் கொப்பிக்காரர் கிடைச்சது உங்கட அதிர்ஷ்டம், எடுங்கோ. எஞ்சின் ஸ்ரார்ட் பண்ண முதல் நாலு நிமிசம் புளோவர் (எஞ்சின் அறைக் காத்தை வெளிய தள்ளுற விசிறி) போடுங்கோ, ஒருநாளும் மறக்காதைங்கோ, பெற்றோல் போட்.

லாக்45_அக்கா

பெரிய ஃபெண்டர் (போட் சுவத்துல இடிக்காம தொங்க விடுற மெத்தை) ஒரு பக்கத்துக்கு நாலு. அப்புறம் ரப்பர் பிடி வெச்ச கையுறை எல்லாருக்கும் ஒரு ஜோடி. லாக் சுவத்துல தொங்குற கேபிள் பூரா பாசி, வழுக்கும், அந்தக் கையோட பையன் சாதத்தைத் தொட்டான்னா தெரியும்.