ஜொகூர் மலையில் கைவிட்ட உயிர்காப்புப் பெட்டி: எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது?

செங்காங் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் அலுவலக நண்பர்கள் மூவருடன் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் உள்ள குனோங் லம்பாக் மலைக்குச் சென்றிருந்தேன். 510 மீட்டர் உயரம்தானே, காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். இறங்கும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிளைப்பாதையில் தவறாகத் திரும்பி, பிரம்பு முள்ளுக்குள் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிவிட்டு, இருட்டுகிற வேளையில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக வெளியே வந்து சேர்ந்தோம். யாருக்கும் பெரிய காயம் இல்லை.

என் கேள்வி நான் கொண்டுபோன பெட்டியைப் பற்றியது. 'முப்பத்திரண்டு பொருள்கள்' என்று விளம்பரம் செய்திருந்த அதை இணையத்தில் 39 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். தீப்பெட்டியை உரசியபோது குச்சியின் தலை மாவாக உதிர்ந்தது. கைவிளக்கு எரியவே இல்லை; திறந்து பார்த்தால் மின்கலத்தைச் சுற்றி வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. வெள்ளித்தாள் போர்வை பிரித்த மடிப்பிலேயே கிழிந்தது. கம்பி ரம்பம் கட்டைவிரல் பருமனுள்ள கிளையிலேயே அறுந்தது. எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது திசைகாட்டிதான். மறுநாள் காலை வீட்டுச் சன்னலோரம் வைத்துப் பார்த்தபோது, அது தெற்கை வடக்கு என்று காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து, வழிகாட்டியுடன் குனோங் லேடாங் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். அது 1,276 மீட்டர். இந்தப் பெட்டியில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறியலாம், புதிதாக எதைச் சேர்க்க வேண்டும்? மொத்த எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பது என் விருப்பம்.

ஈசூன் பெரியவர்

தம்பி, திசைகாட்டியிலிருந்து தொடங்குகிறேன். விளக்கு எரியாவிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். தலைகீழாகக் காட்டும் திசைகாட்டியோ சரியாக வேலை செய்வதுபோலவே நடிக்கும். நீங்கள் அதைத் தொலைபேசியுடன் ஒரே பையில் வைத்திருந்தீர்களா? தொலைபேசி உறையில் இருக்கும் காந்தமும் ஒலிபெருக்கியின் காந்தமும் ஊசியின் முனைகளை முழுமையாக மாற்றிவிடக்கூடியவை. வலுவான காந்தத்தால் தேய்த்து அதைத் திரும்பச் சரிசெய்ய முடியும் என்றாலும், சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்தத் திசைகாட்டிக்கு அவ்வளவு உழைப்பு வேண்டாம். தட்டையான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டில் பொருத்திய நல்ல திசைகாட்டி ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது அது நம் பகுதிக்குச் சமன்செய்யப்பட்டதா என்று கேளுங்கள். வட ஐரோப்பாவுக்கென்று செய்த ஊசி, நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தகட்டில் உரசி நின்றுவிடும். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் ஒரு பாகைக்கும் குறைவு என்பதால், திருத்தக் கணக்கு எதுவும் போடத் தேவையில்லை.

வெள்ளைப் பூச்சு, அல்கலைன் மின்கலம் கசிந்ததால் வந்தது. காட்டன் துணியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து உலரவிட்டால் விளக்கு உயிர்பிழைக்க வாய்ப்பு உண்டு. இனி மின்கலத்தை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள், அல்லது லித்தியம் வகையைப் போடுங்கள். கைவிளக்கைவிடத் தலைவிளக்கு மேல், ஏனெனில் வழுக்கும் இறக்கத்தில் உங்களுக்கு இரண்டு கைகளும் தேவைப்படும். இங்கே சூரியன் மறைந்த இருபது நிமிடத்தில் கும்மிருட்டு. மரக்கூரைக்குக் கீழே அதற்கும் முன்பே இருட்டிவிடும்.

தீக்குச்சியை மறந்துவிடுங்கள். நம் காற்றின் ஈரப்பதத்தில் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை ஊறிப்போகும். சாதாரண லைட்டர் இரண்டை வாங்கி வெவ்வேறு இடங்களில் வைத்தால் போதும். நனைந்தாலும் சக்கரத்தை ஊதி, கால்சட்டையில் பலமுறை உருட்டினால் மீண்டும் பொறி வரும்.

தூண்டில் முள், கண்ணிக் கம்பி, ரம்பம் மூன்றையும் குப்பையில் போடுங்கள். ஒரு நாள் நடைக்குப் போய் வழிதவறியவர் மீன் பிடித்துச் சாப்பிடும் நிலைக்கு வருவதற்கு முன்பே தேடுபவர்கள் வந்துவிடுவார்கள். ஏகாதசிக்கு நம் பாட்டிமார் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு மறுநாள் காலை கோலமும் போட்டவர்கள்; ஓர் இரவுப் பசியால் யாருக்கும் எதுவும் ஆகாது. நீங்கள் கட்ட வேண்டியது, நனையாமல் ஓர் இரவு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவும் அங்கிருப்பதைப் பிறருக்குத் தெரிவிக்கவும் உதவுகிற பை. காட்டில் குடித்தனம் நடத்துவதற்கான பெட்டியை இந்த விளம்பரக்காரர்கள் விற்கிறார்கள்.

தோ பாயோ தாதி

பெரியவர் சொன்ன 'நனையாமல்' என்பதை மருத்துவப் பக்கத்திலிருந்து அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெப்பமண்டலக் காடு என்பதால் குளிர் தாக்காது என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையும் மழையும் சேர்ந்து உடை ஊறிய நிலையில், ஆயிரம் மீட்டர் உயரத்தில் இரவுக் காற்றில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க முடியும். நடுக்கமும் நாக்குழறலும் தடுமாற்றமும் அதன் அடையாளங்கள். ஆகவே உலர்ந்த பனியன் ஒன்றை ஜிப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து வையுங்கள். கிழிந்த வெள்ளித்தாளுக்குப் பதிலாக நூறு லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள தடித்த குப்பைப் பைகள் இரண்டு போதும்: ஒன்றின் அடியில் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் துளையிட்டுத் தலைவழியே மாட்டிக்கொள்ளலாம், மற்றொன்றில் இலைச்சருகை அடைத்து மெத்தையாக்கி அதன்மேல் உட்காரலாம். ஈரத் தரை உடல் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் இரண்டாவது பையை அலட்சியம் செய்யாதீர்கள்.

மருந்துப் பொருள்களில் இழுத்தால் நீளும் அகலமான கட்டுத்துணி ஒன்று, முக்கோணத் துணி ஒன்று, பிளாஸ்டர், கிருமிநாசினித் துடைப்பான், பாரசிட்டமால், ஒவ்வாமை மாத்திரை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கும் வேண்டும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற அளவு சரியானது. உப்பு கூடினால் கெடுதல். அவரவர் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து, மருந்தின் பெயரும் அளவும் உள்ள ஒட்டுத்தாளோடு வையுங்கள். நண்பரின் பையிலிருந்து பெயரில்லாத வெள்ளை மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு எங்களிடம் வந்தவர்கள் உண்டு.

பாம்பு கடித்தால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும். கடையில் விற்கும் விஷ உறிஞ்சு குழாயை வாங்காதீர்கள். அட்டை விஷயம் சிறியது: நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிட்டால் விட்டுவிடும், எரிக்க வேண்டாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் கசிவு சற்று நேரம் நீடிக்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

செங்காங் வாசி

பெரியவர் கேட்டது உண்மை. திசைகாட்டி, காந்த மூடியுள்ள என் தொலைபேசி உறையோடு ஒரே சட்டைப் பையில்தான் மூன்று மாதமாகக் கிடந்தது. தாதி அக்காவுக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகங்கள்: தண்ணீருக்கு வடிகட்டி நல்லதா, மாத்திரை நல்லதா? ஈர விறகில் தீ மூட்ட முடியுமா? கத்தி எடுத்துச் செல்லலாமா?

ஞாயிறு நடையர்

ஜொகூர் மலைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பெண்கள் குழு ஒன்றை அழைத்துச் சென்று வருகிறேன். தண்ணீரைப் பொறுத்தவரை, மலையேற்றத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்த்துப் போகலாம் என்பதால் வீட்டிலிருந்தே ஆளுக்கு மூன்று லிட்டர் சுமப்பது முதல் பாதுகாப்பு. ஓடை நீரைக் குடிக்க வேண்டிய கட்டம் வந்தால், கலங்கலை முதலில் பழைய வேட்டித் துணியில் நான்கு மடிப்பாக வடித்துவிடுங்கள், ஏனெனில் கலங்கிய நீரில் குளோரின் மாத்திரையின் வலு வீணாகிவிடும். மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மெல்லிய குழல்களால் ஆன சிறு வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரசைப் பிடிக்காது. மாத்திரை வைரசைக் கொல்லும், சில ஒட்டுண்ணிகளிடம் தோற்கும். அதனால் நான் வடிகட்டிவிட்டு மாத்திரையும் போடுகிறேன். கொதிக்கவைத்தால் இந்த வழக்கே இல்லை, நம் உயரங்களில் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். அதற்கு வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்று பைக்குள் இருக்கட்டும்; சூடு காக்கும் இரட்டைச் சுவர்க் குடுவையை மட்டும் தப்பித்தவறியும் நெருப்பில் வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும்.

தீயை நான் பட்டியலில் கடைசியில்தான் வைப்பேன். மழைக்காட்டில் ஈர விறகை எரிய வைப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும், அந்த நேரத்தில் மறைப்பைக் கட்டிவிடலாம். ஆனாலும் மனத்தைரியத்துக்கும் கொதிநீருக்கும் அது உதவும் என்பதால் ஒரு வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: கற்பூரம். பூசை அலமாரியில் இருக்கும் அதே கற்பூரம்தான். ஈரக் குச்சிகளுக்கு அடியில் இரண்டு வில்லை வைத்தால் ஒரு லைட்டர் பொறியில் பிடித்துக்கொள்ளும். அது காற்றில் கரைந்து மறைந்துவிடும் குணமுள்ளது என்பதால் இறுக்கமான திருகுமூடி டப்பாவில்தான் வைக்க வேண்டும். அங்குள்ள டிப்டெரோகார்ப் மரங்களில் கசிந்து உறைந்திருக்கும் பிசினும் நன்றாக எரியும். மலாய்க்காரர்கள் டாமார் என்பார்கள், நாம் சாம்பிராணிச் சட்டியில் போடும் குங்கிலியத்துக்கு நெருங்கிய உறவு. கண்ணில் பட்டால் ஒரு துண்டு பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைக் கீற வேண்டாம்.

தோ பாயோ தாதி

ஒரு குறுக்கீடு. கற்பூரத்தை விழுங்கினால் நஞ்சு; சிறிதளவே வலிப்பை வரவழைக்கும். டப்பாவின்மேல் பெயர் எழுதுங்கள், தின்பண்டத்தோடும் மாத்திரையோடும் சேர்த்து வைக்காதீர்கள், மறைப்புக்கு உள்ளே எரிக்காதீர்கள்.

ஈசூன் பெரியவர்

கத்தியைப் பற்றி. சட்டபூர்வமான காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். மெக்ரிட்ச்சியிலும் புக்கிட் தீமாவிலும் நடப்பதற்குக் கத்தி தேவையே இல்லை. அந்த இயற்கை வனப்பகுதிகளில் தீ மூட்டவும் அனுமதி இல்லை. ஜொகூருக்கும் உங்கள் தேவை கயிறு வெட்டுவதும் துணி கிழிப்பதும்தான், ஆதலால் முனை மழுங்கிய முதலுதவிக் கத்தரிக்கோல் அதைச் செய்துவிடும். எல்லையைத் தாண்டும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

மறைப்புக்கு இரண்டுக்கு மூன்று மீட்டர் அளவுள்ள இலகுவான தார்ப்பாயும் பத்து மீட்டர் நைலான் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மேல்மாடியில் உள்ள ராணுவச் சந்தையில் இவை கிடைக்கும். தேசிய சேவையில் பாஷா (ராணுவத்தார் தார்ப்பாயில் கட்டும் மறைப்பு) கட்டியவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், வீவக அடுக்குமாடி வீடுகளின் கீழேயுள்ள வெற்றுத்தளத்துத் தூண்கள் இரண்டுக்கு இடையே ஒரு முறை கட்டிக் காட்டச் சொல்லுங்கள். கட்டும் இடத்தில் தலைக்குமேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் அவர் மறந்துவிடப்போகிறார், நீங்கள் நினைவூட்டுங்கள்.

விசிலை இதுவரை யாரும் சொல்லவில்லை. உள்ளே குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசிலை வாங்கி மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, மறுபடியும் ஊதுங்கள். கத்தினால் அரை மணியில் தொண்டை போய்விடும். விசிலும் ஒரு லைட்டரும் குப்பைப் பையும் முதுகுப்பையில் இல்லாமல் உடம்பிலேயே இருக்க வேண்டும், ஏனெனில் ஓடை கடக்கும்போது முதலில் அடித்துச் செல்லப்படுவது முதுகுப்பைதான். தொலைபேசியை அலைவரிசை இல்லாத இடத்தில் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். சமிக்ஞை தேடித் தேடியே அதன் மின்கலம் தீர்ந்துவிடும். மலேசியாவில் அவசர எண் 999, நம் 995 அங்கே பயன்படாது.

ஞாயிறு நடையர்

இன்னொன்று, எடையே இல்லாதது. எந்த மலை, எந்தப் பாதை, யார் யார், வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள். லம்பாக்கில் நீங்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது, நீங்கள் எந்த மலையில் இருக்கிறீர்கள் என்பது உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா?

செங்காங் வாசி

தெரியாது. 'குளுவாங் பக்கம் போகிறேன்' என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ரயில் நிலையக் காப்பிக்கடைக்குப் போவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நேற்று எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்தேன். தண்ணீரைச் சேர்க்காமல் 1 கிலோ 420 கிராம் வந்தது. பழைய பெட்டியிலிருந்து தப்பியது விசில் ஒன்றுதான், அதிலும் குண்டு இருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். சனிக்கிழமை தூறலுக்குப் பிறகு, பாசிர் ரிஸ் பூங்காவில் முன்பதிவு செய்த வாட்டும் அடுப்பில், நனைந்த சுள்ளிகளைக் கற்பூரம் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். முதல் இரண்டு வில்லைகள் சுள்ளியைக் கறுப்பாக்கிவிட்டு அணைந்தன. மூன்றாம் முறை சுள்ளிகளைப் பென்சில் பருமனுக்கும் கீழே பிளந்து, ஈரத் தோலை உரித்து வைத்தபோது பிடித்துக்கொண்டது. டம்ளர் நீர் கொதிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது; டம்ளருக்குப் பிடி இல்லாததால் இறக்கத்தான் வழி தெரியவில்லை. இடுக்கி ஒன்றைச் சேர்த்தால் எடை கூடுமே, வேறு யோசனை உண்டா?

ஈசூன் பெரியவர்

முக்கோணத் துணியை நான்காக மடித்துப் பிடியுங்கள் தம்பி. துணி உலர்ந்திருக்கட்டும், ஈரத்துணியில் ஆவி கையைச் சுட்டுவிடும்.