தாய் சி சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லாஸ்பேட்டைவாசி:

தாய் சி என்ற நிதானமான சீன உடற்பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கத் தயார்செய்யும் மாஸ்டர் பயிற்சியில் சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் அதை முடித்துவிட்டுப் புதுச்சேரியில் சின்னதாக ஒரு வகுப்பு நடத்துகிறேன். அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

தாய் சியில் பல பாணிகள் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது யாங் பாணியின் 24 அசைவுத் தொகுப்பு. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகச் சுருக்கிக் கொடுத்தது. நிதானமாகச் செய்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். சேரும்போதே எல்லாருக்கும் அது மனப்பாடம். பயிற்சியில் கேட்டது வேறு. மாணவரைப் பார்த்து நின்றுகொண்டு, மொத்தத்தையும் இடம் வலம் மாற்றிச் செய்ய வேண்டும். 'ஒற்றைச் சாட்டை' என்ற அசைவில் வலது கை விரல்களைக் கொக்கிபோல் குவித்து, இடது உள்ளங்கையால் தள்ளுவோம். எதிரே நிற்கும்போது கொக்கி இடது கைக்கு வந்துவிடும்; ஆனால் வாய் மட்டும் "வலது கையைக் குவியுங்கள்" என்றே சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய உடம்பு பழைய பக்கத்துக்கே இழுக்கும். எங்கள் குழுவில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இந்த இடத்தில் அப்படியே நின்று, இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, திரும்பும் இடம். மாணவர்கள் பின்பக்கம் திரும்பியதும் மாஸ்டர் அவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். அதுவரை கடைசி வரிசையில் நின்றவர்தான் இப்போது முதல் ஆள். பார்த்துச் செய்ய அவருக்கு யாருமில்லை. அதற்காகவே பழகியவர்களை நாலு மூலையிலும் நிறுத்தச் சொன்னார்கள். சின்ன ஏற்பாடுதான், ஆனால் அது இல்லாமல் வகுப்பு ஓடாது.

மீதிப் பயிற்சி முழுக்க முழங்கால். "கையைப் பார்க்காதே, காலைப் பார்" என்பார் எங்கள் மாஸ்டர். முழங்கால் எப்போதும் பாதம் காட்டும் திசையிலேயே போக வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. முழு எடையையும் ஒரு காலில் வைத்துக்கொண்டே அந்தப் பாதத்தைத் திருப்பினால் முறுக்கு அத்தனையும் மூட்டில் விழும். அதனால் எடையை முதலில் பின்காலுக்கு மாற்றிவிட்டுத்தான் முன்பாதத்தைத் திருப்ப வேண்டும். யாங் பாணியின் பெரிய ஆசானான யாங் செங்ஃபூ சொன்ன பத்து விதிகளில் 'நிறைந்த கால் எது, காலி கால் எது என்று பிரித்தறி' என்பதும் ஒன்று. மாணவர் எந்தக் காலில் நிற்கிறார் என்பதை வேட்டி, சுடிதார் மறைத்தாலும் இடுப்பை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகினோம்.

வகுப்பு நடப்பது கடற்கரைச் சாலையில், வாகனங்களை விடும் ஏழரை மணிக்கு முன்னால். நடைபயிற்சிக்கு வந்த அம்மா ஒருவர் காந்தி சிலை பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்ளோ மெதுவா செஞ்சா சர்க்கரை கொறையுமா?" என்றார். "நடக்கிறதை நிறுத்தாதீங்கம்மா, இது தடுமாறி விழாம இருக்க" என்றேன். மறுவாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடலூர் பிசியோ:

விழாமல் இருக்க என்று நீங்கள் சொன்னது சரி. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. 24 வாரம், வாரம் இருமுறை. வெறும் தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட தாய் சி செய்தவர்களுக்கு நிலைதடுமாற்றமும் குறைவு, விழுந்ததும் குறைவு.

நான் எடுத்தது ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997இல் வடிவமைத்த மூட்டுவலிக்கான தாய் சி. அது சுன் என்ற இன்னொரு பாணியைச் சார்ந்தது. அதில் ரொம்பத் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை, அதனால் முட்டி தேய்ந்தவர்களுக்கு ஒத்துவருகிறது. நிற்க முடியாதவர்களை நாற்காலியிலேயே உட்கார வைத்துச் செய்விக்கிறேன். வீட்டிலேயே படித்துப் பழகிவிட்டு இரண்டு நாள் பயிலரங்குக்குப் போக வேண்டும். சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனக்கு அந்தப் புதுப்பிப்புதான் பிடித்திருக்கிறது. இங்கே ஓரிடத்தில் ஒரே நாள் வகுப்பு, சாயங்காலம் 'மாஸ்டர்' என்று சட்டம் போட்ட சான்றிதழ். அங்கிருந்து வந்தவரின் மாணவி ஒருவர் முட்டி வீங்கி என்னிடம் வந்தார்.

முத்தியால்பேட்டை சிலம்பம்:

சின்ன வயசிலிருந்து கம்பு சுற்றியவன். எனக்குக் காலடி பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. காலடியைத் தட்டி வைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கே குதிகாலை வைத்த பிறகும் எடையை ஏற்றாமல் காத்திருக்கச் சொல்கிறார்கள். தொடை நடுங்கிவிடும்.

இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்துப் பழகும் 'தள்ளும் கை' பயிற்சியில் எனக்கு ஜோடியாக வந்தவர் என் தோளுயரம்கூட இல்லாத ஒரு பெண் மாஸ்டர். பார்த்துத் தள்ளுவோம் என்று லேசாகத்தான் அழுத்தினேன். அவர் எதிர்க்கவே இல்லை. இடுப்பைத் திருப்பி விலகினார், நான் என் பலத்தோடேயே முன்னால் போய்விட்டேன். எங்கள் ஆசானிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அதையும் கத்துக்கிட்டு வந்து நம்ம பசங்களுக்குச் சொல்லு" என்றார்.

நெல்லித்தோப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் மாணவி மட்டும்தான், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். புது மாஸ்டர்கள் ரொம்பப் பேசுகிறீர்கள். மூச்சை இழுங்கள், விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், நாக்கை மேலண்ணத்தில் வையுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே அசைவில் சொன்னால் எதைத்தான் கேட்பது? ஒரு சுற்றாவது பேசாமல் விடுங்கள். நாலு பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

லாஸ்பேட்டைவாசி:

டீச்சர், நாளைக்கே செய்து பார்க்கிறேன். தனிச்செய்தியில் முட்டிவலியோடு சேரலாமா என்று கேட்டவருக்கு: முதலில் மாணவராகச் சேருங்கள், மாஸ்டர் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். கடலூர்காரரிடம் ஒருமுறை முட்டியைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், ஐப்பசி மழை தொடங்கினால் கடற்கரையில் நடத்த முடியாது. இருபது பேர் கை நீட்டி நிற்கிற அளவுக்குக் கூரையுள்ள இடம், வழுக்காத தரை, வாடகை கட்டுப்படியாகிற மாதிரி முத்தியால்பேட்டை பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.