ஜெனோவா கலங்கரை விளக்கம்: இரவுப் படத்துக்கு யோசனை வேண்டும்

நண்பர்களே, இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் இருக்கும் லாந்தர்னா கலங்கரை விளக்கத்தைப் படம் எடுக்க உதவி தேவை. 1543-இல் எழுந்த 77 மீட்டர் கோபுரம், இன்றும் கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது. 20 விநாடிக்கு ஒருமுறை விளக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை மின்னும். ஷட்டரை அதற்குக் குறைவாகத் திறந்தால் சில ஃபிரேம்களில் மின்னலே சிக்காது. 25 விநாடி, லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100 வைத்தால் சிக்கும். ஆனால் விளக்கறை வெறும் வெள்ளைத் திட்டு, கண்ணாடிச் சட்டமெல்லாம் கரைந்துபோகும். கீழடுக்கில் தீட்டிய நகரச் சின்னத்தின் சிவப்புச் சிலுவையோ இருட்டில்.

5 விநாடி ஃபிரேம்களைத் தொடர்ச்சியாக எடுத்து 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் மிக வெளிச்சமானதை மட்டும் எடுத்து) அடுக்கினால் சரிவருமா? (ஒவ்வொரு நீண்ட ஃபிரேமுக்குப் பின்னும் புள்ளி இரைச்சலைக் குறைக்க கேமரா நேரம் எடுக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்காவிட்டால் இடைவெளி விழுந்து மின்னல் தப்பிவிடும்.) சிலுவைக்கு அந்தி வெளிச்சத்தில் தனி ஃபிரேம் போதுமா? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு சொல்லுங்கள்.