வகுப்பெடுப்பது ஒப்பிப்பதாக மாறிவிட்டால் என்ன செய்வது?

கேள்வி (கோவை ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். நான் 9 ஆண்டுகளாகக் காலை 5.30 மணி யோகா வகுப்பை நடத்தி வருகிறேன். சென்ற வாரம், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனத்தில், "மூச்சை இழுத்தபடி இடுப்பை உயர்த்துங்கள்" என்று சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்தப் போனேன். வகுப்பு முடிந்ததும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் ஓர் அம்மா என்னிடம் வந்து, "நீங்கள் மூச்சை விடச் சொல்லவே இல்லையே டீச்சர், அதனால் அடக்கிக்கொண்டே இருந்தேன்" என்றார். மூச்சை அடக்கவே கூடாது என்று அவருக்கு முதல் நாளே சொன்னவள் நான்தான். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. ஆசன வரிசையை அடிக்கடி மாற்றினால் இந்த மரத்துப்போன நிலை நீங்குமா?

மறுமொழி (மதுரை, மூத்த பயிற்சியாளர்):
வரிசையை மாற்ற வேண்டாம், அம்மா. சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளும் மாறாமல் வருவதால்தான், அடுத்தது என்ன என்ற யோசனை இல்லாமல் மாணவரால் மூச்சைக் கவனிக்க முடிகிறது. பயிற்சி வேரூன்றுவதற்கு நெடுங்காலம், இடைவிடாமை, சிரத்தை ஆகிய மூன்றையும் யோக சூத்திரத்தில் பதஞ்சலி சேர்த்தே சொல்கிறார். முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. புதுமைக்காக வரிசையை மாற்றுபவருக்கு அதுவும் சில மாதங்களில் பழகிப்போகும்.

மறுமொழி (சென்னை ஆசிரியர்):
வகுப்போடு சேர்ந்து நானும் ஆசனம் செய்வதை நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது. நாமே செய்யும்போது நம் மூச்சைத்தான் கேட்கிறோம், அதன் வேகத்தில்தான் சொல்லவும் செய்கிறோம். இப்போது, கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் பின்காலின் வெளிவிளிம்பு விரிப்பை விட்டு எழுகிறதா என்று பார்த்துவிட்டு, எழுந்தால் மட்டுமே அதைப் பற்றிப் பேசுகிறேன். எழாதபோது பேசாமல் நிற்கிறேன். ஒருமுறை என் வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். "மெதுவாக, மெதுவாக" என்று அவசரமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது நீங்களும் பதிவு செய்து கேளுங்கள்.

மறுமொழி (திருச்சி):
1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கூட்டாகக் கற்பித்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் சென்னையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, அவரவர் உடல்நிலைக்கும் வயதுக்கும் ஏற்பப் பயிற்சியை அமைத்தார். 20 பேர் உள்ள வகுப்பில் அது இயலாதுதான். ஆயினும் நாளுக்கு இருவரை மனத்துக்குள் தேர்ந்துகொண்டு, தொடக்கம் முதல் இறுதியில் அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் வரை அவர்களைக் கவனித்து வரலாம். இருவரைக் கூர்ந்து பார்க்கப் பழகிய கண்ணுக்கு மற்றவர்களும் தாமாகவே தென்படத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று வரிசையை மாற்றாமல், அந்த அம்மாவின் விரிப்புக்கு அருகில் நின்று, அவருடைய விலா அசைவதைப் பார்த்த பிறகே வாய் திறந்தேன். நான் 4 எண்ணி முடிப்பதற்குள் அவருடைய மூச்சு முடிந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளும் என் மூச்சின் நீளத்தையே எல்லோர்மீதும் சுமத்தியிருக்கிறேன். நாளை முதல் எண்ணிக்கை சொல்லப்போவதில்லை. உயர்த்துவதையும் இறக்குவதையும் அவரவர் மூச்சுக்கே விட்டுவிட்டு, மூச்சை அடக்குபவர் யாரென்று மட்டும் பார்க்கப்போகிறேன்.