27 வாரக் குழந்தையின் ஏஇஇஜி: கீழ்விளிம்பு 3 மைக்ரோவோல்ட் என்றால் பயப்பட வேண்டுமா?

இரவுப்பணி:
27 வாரத்தில் பிறந்த குழந்தை, 900 கிராம், இரண்டாம் நாள். மார்ஃபின் ஓடுகிறது. தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, மூளையின் மின்னலைகளைச் சுருக்கிப் பட்டையாகக் காட்டும் ஏஇஇஜி ஓடுகிறது: சி3-பி3 (இடப்பக்கம்), சி4-பி4 (வலப்பக்கம்) என இரண்டு சேனல். பட்டை 3-லிருந்து 30 மைக்ரோவோல்ட் வரை இருந்தது. சுவரில் ஒட்டியுள்ள அட்டவணையில் ‘கீழ்விளிம்பு 5-க்கு மேல், மேல்விளிம்பு 10-க்கு மேல் இருந்தால் நார்மல்’ என்று இருக்கிறது. ஆசிலேட்டருக்கு (நெஞ்சை அதிவேகமாக அதிரவைக்கும் வென்டிலேட்டர்) மாற்றியதும் கீழ்விளிம்பு 7-க்கு ஏறிவிட்டது. முன்னேற்றம் என்று சார்ட்டில் எழுதலாமா? இம்பீடன்ஸ் (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) அலாரமும் ஓயாமல் அடிக்கிறது.

பட்டைவாசிப்பு:
எழுதாதீர்கள். முதலில் அந்த அட்டவணை நிறைமாதக் குழந்தைக்கானது. 26-27 வாரத்தில் கீழ்விளிம்பு 2 முதல் 5, மேல்விளிம்பு 25 முதல் 50 வரை இருப்பது வயதுக்கு ஏற்றதுதான். இந்த வயதில் மூளை விட்டுவிட்டுத்தான் பேசும். மாதம் கூடக்கூட இடைவெளிகள் சுருங்கும், கீழ்விளிம்பு உயரும், பட்டை ஒடுங்கும். தூக்க-விழிப்புச் சுழற்சி 30 வாரத்தை ஒட்டித்தான் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு: கீழ்விளிம்பு 0-2 மைக்ரோவோல்ட்டில் கோடு கிழித்தாற்போல அசையாமல் கிடப்பது. அது பர்ஸ்ட் சப்ரஷன், அதாவது அடங்கிக் கிடக்கும் மூளையில் நடுநடுவே மட்டும் அலைக்கொத்து (பர்ஸ்ட்) வெடிப்பது. மணிக்கு 100 பர்ஸ்ட்டுக்குக் கீழே போனால் இன்னும் மோசம். உங்கள் குழந்தையின் கீழ்விளிம்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததா என்று பழைய பதிவைப் பாருங்கள்.

அந்த 7 பற்றி: ஏஇஇஜி 2 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான அலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆசிலேட்டர் அதிர்வதும் 10-15 ஹெர்ட்ஸில். நெஞ்சு குலுங்கும்போது தலையும் குலுங்கி, அதுவும் மூளை அலையாகப் பதிவாகும். இதயத்துடிப்பும் இதே வேலையைச் செய்யும், அதுவும் மூளை அமைதியாக இருக்கும்போதுதான் எடுப்பாகத் தெரியும். என் கருத்தில் தாழ்ந்த பட்டையைவிட இப்படிப் பொய்யாக உயர்ந்த பட்டைதான் ஆபத்து. தாழ்ந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள், உயர்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜெல்லும்_குல்லாவும்:
அலாரத்துக்கு என் பங்கு. இம்பீடன்ஸ் 10 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த எடையில் ஊசி எலக்ட்ரோடு வேண்டாம், ஹைட்ரோஜெல் போதும். முடியைப் பிரித்து, சலைன் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றித் துடையுங்கள். ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் இரண்டும் தொடக்கூடாது, தோல் வெந்துவிடும். தேய்க்கும் ஜெல்லையும் 26 வாரத்துக்குக் கீழ் தவிர்ப்பது நல்லது.

இன்குபேட்டர் ஈரப்பதத்தில் டேப் நிற்காது, குல்லா போட்டு அழுத்திப் பிடியுங்கள். ஜெல் காய்ந்தால் ஒரு சொட்டு சலைன் போதும். அதிகம் விட்டால் இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவில் ஓடிப் பாலம் கட்டிவிடும். அப்போது இம்பீடன்ஸ் அபாரமாகக் குறைந்திருக்கும், பட்டையோ படுத்துவிடும். தலைத்தோல் வீக்கமும், எலக்ட்ரோடுகளை நெருக்கி ஒட்டுவதும் இப்படித்தான் பட்டையைத் தாழ்த்தும். இம்பீடன்ஸ் எண் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி:
நன்றி. அப்படியானால் சந்தேகம் தீர ஆசிலேட்டரைச் சற்று நிறுத்திப் பார்க்கலாமா?

பட்டைவாசிப்பு:
வேண்டவே வேண்டாம், நுரையீரல் சுருங்கிவிடும். மூல இஇஜியை, அதாவது பட்டையாகச் சுருக்காத அசல் அலையைத் திறந்தால் போதும். ஆசிலேட்டர் 12 ஹெர்ட்ஸில் இருந்தால் நொடிக்கு 12 சிற்றலை, இடைவெளி மாறாமல் வரும். நாடித்துடிப்பு 150 என்றால் 10 நொடித் திரையில் 25 கூர்முனை. மூளை அவ்வளவு ஒழுங்காகத் தாளம் போடாது, வலிப்பைத் தவிர. வலிப்பின்போதும் கீழ்விளிம்பு திடீரென்று எழும், ஆனால் மூல அலையில் அது தொடங்கி, வளர்ந்து, அடங்கும். 30 நொடிக்கும் குறைவான வலிப்பு பட்டையில் தெரியாமலே போகலாம்.

மார்ஃபின், மிடசோலம், பீனோபார்பிட்டோன் போன்ற வலி, மயக்க, வலிப்பு மருந்துகள் எல்லாம் பட்டையைத் தாழ்த்தும். சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் விரிய உதவும் மருந்து) கொடுத்ததும் சற்று நேரம் தாழும், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் தாழும். ஆகவே மருந்து, சக்ஷன் (சளி உறிஞ்சுவது), தலையைத் திருப்பியது எல்லாவற்றையும் மானிட்டரிலேயே நேரத்தோடு குறியிடுங்கள். பதிவு மணிக்கு 6 சென்டிமீட்டர்தான் நகரும், குறியில்லாத பள்ளத்துக்குக் காலையில் யாராலும் காரணம் சொல்ல முடியாது. மூளைக்குள் ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள்தான் நடக்கும். காரணமில்லாமல் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால், எலக்ட்ரோடைச் சரிபார்த்த கையோடு தலை ஸ்கேனுக்குச் சொல்லிவிடுங்கள்.