டி.இ. ஃபில்டர் கழுவி மாட்டியதும் குளத்தில் வெள்ளைப் பொடி, யாராவது உதவுங்கள்

டெக்சாஸில் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எங்களுடையது 48 சதுர அடி டி.இ. ஃபில்டர் (டயட்டோமேசியஸ் எர்த் என்ற வெள்ளைப் பொடி படிந்த துணி வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது). பிரஷர் வழக்கத்தைவிட 10 பி.எஸ்.ஐ. ஏறிவிட்டதால் மோட்டாரை நிறுத்தி, மேல் வால்வில் காற்றை வெளியேற்றி, கிளாம்ப்பைக் கழற்றி, எட்டு கிரிட்டையும் (துணி போர்த்திய வடிகட்டித் தட்டுகள்) எடுத்து ஹோஸால் கழுவினேன். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், துணியில் கிழிசல் இல்லை. திரும்ப மாட்டி, மாஸ்க் போட்டுக்கொண்டு, 10 சதுர அடிக்கு ஒரு பவுண்டு கணக்கில் டி.இ. பொடியைத் தண்ணீரில் கரைத்து ஸ்கிம்மரில் (குளத்தின் ஓரத்தில் தண்ணீரை உள்ளே இழுக்கும் வாய்) ஊற்றினால், தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் துவாரத்தில் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் நிற்கிறது, மோட்டாரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே கதை. படிகளைத் தடவினால் விரலில் மாவாக ஒட்டுகிறது.

கிரிட்டுகள் பொருந்தும் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல் இருக்குமோ, இல்லை அது குழாயில் உட்காரும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்குமோ என்றுதான் சந்தேகம். அந்த விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், எட்டில் ஒன்று மட்டும் சிறிய கிரிட், அது சரியாக உட்கார்ந்ததை மூடும் முன் எப்படி உறுதி செய்கிறீர்கள்? கோடை விடுமுறை, பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.